பன்னிரண்டு அடி நூல்: அப்பாவின் யாஷிகா கேமராவைப் பழுது பார்த்த அனுபவம்

கடந்த பங்குனியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்திருந்த யாஷிகா கேமரா கைக்கு வந்தது. பழுப்புத் தோல் உறையின் தையல் இரண்டு இடங்களில் விட்டிருந்தாலும், பித்தான் மட்டும் இன்னும் இறுக்கமாகப் பூட்டியது. மதுரை செல்லூரில் இருக்கும் எங்கள் வீட்டில் 1978 முதல் 2003 வரை நடந்த காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், பொங்கல் எல்லாவற்றையும் பார்த்த கேமரா அது. கடைசியாக அதில் எடுத்த ரோலைக் கழுவிக் கொடுத்தவர்கள், "ரோல் எக்ஸ்போஸ் ஆகிவிட்டது, இனி இந்தக் கேமரா ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா மறுபேச்சு இல்லாமல் வாங்கிவந்து பெட்டியில் வைத்தவர், பிறகு அதை எடுக்கவே இல்லை.

பாலிடெக்னிக் ஒன்றின் மின்னணுவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் சால்டரிங் கம்பியும் மல்டிமீட்டரும் எனக்குக் கைப்பழக்கம். ஆனால் கேமரா எதையும் அதற்கு முன் திறந்ததில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்த இந்த வேலையை, இதே வகைக் கேமராவை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. கேமராவின் ஒவ்வொரு பழுதையும் தொட்டபோதெல்லாம் எங்கள் ஆல்பத்தில் நான் இதுவரை கவனிக்காத ஏதோ ஒன்று விளங்கிக்கொண்டே வந்தது.

எலெக்ட்ரோ 35 வரிசையை யாஷிகா நிறுவனம் 1966-ல் தொடங்கியது. எங்களிடம் இருப்பது 1973-ல் வெளிவந்த ஜி.எஸ்.என் வகை, லென்ஸ் 45 மில்லிமீட்டர், எஃப் 1.7 (இது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). லென்ஸின் திறப்பை மட்டும் நாம் வைத்தால் போதும்; காட்மியம் சல்ஃபைடு உணரி வெளிச்சத்தை அளந்து சொல்ல, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளிருக்கும் மின்சுற்று முடிவு செய்யும். 30 விநாடியிலிருந்து 1/500 விநாடி வரை இடையில் எந்த நேரத்தையும் அதனால் கொடுக்க முடியும். வெளிச்சம் குறைந்து ஷட்டர் மெதுவாக ஓட வேண்டியிருந்தால் மஞ்சள் விளக்கும், வெளிச்சம் 1/500-க்கும் அடங்காமல் போனால் சிவப்பு விளக்கும் எரியும். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா மூலமாக இதை வரவழைத்தார். மூன்று மாதச் சம்பளம் போயிற்று என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

உறையின் உள்மடிப்பில் ஒரு நூல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மில்லில் கிடைக்கும் முறுக்கேறிய பருத்தி நூல். ஒரு முனையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி, மறுமுனையில் முடிச்சு. பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணியை விரலில் மாட்டி அப்பத்தாவின் நெஞ்சருகே பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அப்பா முடிச்சைக் கேமராவோடு சேர்த்துப் பிடித்தபடி நூல் விறைக்கும் வரை பின்னால் போவார். பிறகு "விடு" என்பார். நான் நூலை விட்டுவிட்டு ஓடிப் போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொள்வேன். எல்லோரையும் ஆடாமல் நிற்கவைக்க அப்பா கண்டுபிடித்த வழி அது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். இப்போது டேப்பை வைத்து அளந்தேன். பன்னிரண்டு அடிக்கு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

முதல் ஞாயிறு எதையும் கழற்றாமல் சோதிப்பதிலேயே போயிற்று. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளியபோது, முடியும் இடத்தில் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் முதலில் காது கொடுக்க வேண்டியது இந்தச் சத்தத்துக்குத்தான். உள்ளே ஒரு சிறிய ரப்பர் திண்டு இருக்கிறது. காலப்போக்கில் அது பொடிந்து போனால் நெம்புகோல் சத்தமில்லாமல் ஓடும், ஷட்டர் தவறான நேரத்தில் இயங்கும். அதை மாற்றுவது இந்தக் கேமராவிலேயே பெரிய வேலை. எங்கள் கேமராவில் சத்தம் தெளிவாக இருந்ததால் அந்த வேலை மிச்சமாயிற்று. லென்ஸின் பின்கண்ணாடியில் படிந்திருந்த மங்கலும் ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணிக்கே போய்விட்டது.

பின்கதவைத் திறந்ததும் விரலில் தார் போல ஒட்டியது. கதவு உட்காரும் பள்ளங்களில் வெளிச்சம் புகாமல் அடைப்பதற்காக வைத்த கறுப்பு ஃபோம், இத்தனை ஆண்டுகளில் இளகிப் பிசினாகிவிட்டிருந்தது. எழுபதுகளில் வந்த பெரும்பாலான கேமராக்களுக்கு இதுதான் கதி. ஃபோமே தன்னளவில் சிதைந்துவிடுகிறது, எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் தப்பாது. உலோகக் கருவி பட்டால் பெயின்ட் போய் அங்கே வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் என்பதால், தென்னை ஈர்க்குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி, ஸ்பிரிட்டில் தோய்த்துப் பள்ளம் பள்ளமாகச் சுரண்டினேன். பிசினின் துகள் ஷட்டர் பக்கம் விழக்கூடாது; கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் சுரண்ட வேண்டும். முழுப் பிற்பகலும் அதற்கே சரியாகப் போயிற்று.

புது ஃபோமை வாங்குவதைவிடப் பள்ளங்களுக்குக் கறுப்பு உல்லன் நூலே மேல் என்பது என் முடிவு. அது இளகாது, மாற்றுவதும் எளிது. மெல்லிய கோடாக ஃபெவிகால் தடவி, நூலை ஈர்க்குச்சியால் அழுத்திப் பதித்தேன். கீல் இருக்கும் பக்கம் நூல் நிற்காது. அங்கே வெல்வெட் துண்டு தேவை. மீனாட்சி அம்மன் கோயில் எதிரே இருக்கும் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட தையற்காரர்களில் ஒருவர், சாமி குடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கறுப்பு வெல்வெட் சிறு துண்டைக் காசு வாங்காமல் கொடுத்தார்.

அந்த வெல்வெட்டை ஒட்டுவதற்காகக் கீலின் வெளிப்புறத்தைத் துடைத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கீலின் நீளத்துக்கும், எதிர்ப்பக்கம் கதவு மூடும் விளிம்பின் நீளத்துக்கும், அரை அங்குல அகலத்தில் பழுப்பேறிய பசைக் கோடு ஒன்று ஓடியது. மின்கம்பியில் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை அது. ஃபோம் இளகத் தொடங்கியது அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. மாற்றுவதற்கு வழி தெரியாததால், ஒவ்வொரு ரோலையும் மாட்டியபின் கதவின் விளிம்புகளில் டேப் ஒட்டி, அதற்கு மேல் தோல் உறையையும் போட்டுக்கொண்டு படம் எடுத்திருக்கிறார். "உறையைக் கழற்றாதே" என்று அவர் அத்தனை தடவை சொன்னது இதற்காகத்தான்.

2003-ல் கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போனபோது அந்தக் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் நான். உறை கனமாக இருக்கிறது என்று விடுதி அறையில் விட்டுவிட்டேன். விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பு டேப் அசிங்கமாகத் தெரிந்ததால் அதையும் உரித்துப் போட்டேன். அந்த ரோலில் தேறிய சில பிரிண்டுகள் இப்போதும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆரஞ்சு நிறத்தில் தீ பற்றியது போன்ற பட்டை. கலர் ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்குதான் அடிப்பட்டையை ஒட்டிக் கடைசியாக இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து கசியும் வெளிச்சம் முதலில் அதைத்தான் தாக்கும், அதனால்தான் பட்டை செம்மையாக விழுகிறது. ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காரணகாரியம் சொல்லிக்கொடுக்கும் நான், என் கையால் உரித்த டேப்பின் விளைவை இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேமரா போய்விட்டது என்று கடையில் சொன்னபோது, அது ஏன் போயிற்று என்பது அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மின்கல அறையைத் திறக்க, மூடியின் வெட்டில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. இந்தக் கேமராவுக்கு உரியது 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாகப் பல நாடுகளில் 1990-களில் அதை நிறுத்திவிட்டார்கள். கசிந்திருந்தது காரப் பொருள் என்பதால் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு வைத்தேன்; நுரைத்து இளகியது. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தேன்.

அறை சுத்தமான பிறகும் மின்சாரம் போகவில்லை. அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அறையிலிருந்து புறப்படும் கம்பி வெளியே நன்றாக இருந்தும் அதன் பிளாஸ்டிக் உறைக்குள் கறுத்துப் போயிருந்தது. கசிவு செம்புக் கம்பியின் வழியே ஏறிவிடும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்கவே பிடிக்காது. பளபளப்பான செம்பு தெரியும் வரை நறுக்கிக்கொண்டே போனேன், இரண்டு அங்குலம் போயிற்று. அந்த இடத்துக்கு மெல்லிய புதுக் கம்பி வைத்துச் சால்டர் செய்தேன். அறையின் பிளாஸ்டிக் சூட்டில் இளகிவிடும் என்பதால் முனையை மூன்று விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது.

பழைய பேட்டரிக்கு மாற்று எளிது. கடிகாரக் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பொத்தான் செல்கள் நான்கு, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 6 வோல்ட். இந்தச் சுற்று அந்தச் சிறு வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒரு செல்லின் தடிமன் 5.4 மில்லிமீட்டர், நான்கும் அடுக்கினால் 21.6. அறையின் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான் நிரம்பும். கெட்டித் தாளைச் செல்லின் அளவுக்குக் குழாயாகச் சுருட்டி, நான்கையும் முனை மாறாமல் அடுக்கி, மீதி இடத்துக்குப் பழைய டார்ச் லைட்டின் சுருள்வில்லைப் போட்டேன். மல்டிமீட்டர் 6.2 வோல்ட் காட்டியது. கேமராவின் பின்னால் இருக்கும் பேட்டரிச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். படம் எண்ணும் சிறு சன்னல் பச்சையாக ஒளிர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஷட்டர் சரியாக ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளக் கைபேசியே போதும். பின்கதவைத் திறந்து வைத்து, விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் மெதுநகர்வு வீடியோவில் ஷட்டரைப் படம் பிடித்து, எத்தனை சட்டகத்துக்கு அது திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும் எல்லையில் எட்டு சட்டகம் வந்தது, அதாவது 1/30 விநாடி. சன்னல் பக்கம் திருப்பினால் குறைந்தது, அரிசி டப்பாக்கள் இருக்கும் மூலையைக் காட்டினால் நீண்டுகொண்டே போனது. பிறகு பேட்டரியை எடுத்துவிட்டு அதே மூலையைக் காட்டி அழுத்தினேன். ஷட்டர் நிற்கவில்லை. கண் இமைப்பதற்குள் 'டிக்' என்று அடித்து மூடியது. மின்சாரம் இல்லாவிட்டால் எலெக்ட்ரோ 35 செத்துப் போவதில்லை. வெளிச்சம் எப்படி இருந்தாலும் 1/500 விநாடி என்ற ஒரே வேகத்தில் ஓடும்.

அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஆல்பங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1978 முதல் 1995 வரையிலான படங்களில் எங்கள் வீட்டின் உட்புறம் இருக்கிறது. அடுப்படிச் சன்னல் வெளிச்சத்தில் அப்பத்தா வெற்றிலை இடிக்கிறார். முற்றத்தில் அக்காவுக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில், பிரகார நிழலில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டில் ஃபிளாஷ் இருந்ததில்லை, எஃப் 1.7 லென்ஸும் அந்தச் சுற்றும் சேர்ந்து இருட்டை எப்படியோ சமாளித்தன. 1995-க்குப் பிறகு வீட்டின் உட்புறம் ஒரு படத்தில்கூட இல்லை. எல்லாமே மொட்டைமாடி, எல்லாமே காலை பத்து மணி வெயில். அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெற்றியில் கை வைத்திருக்கிறார். பட்டுப் பாவாடையில் நான் வியர்த்து நிற்கிறேன். தீபாவளிக்குக்கூட மத்தாப்பு கொளுத்தாமல் காலை வெயிலில் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். கீழே நிழலில் நின்றால் என்ன என்று அம்மா ஒவ்வொரு முறையும் சண்டை போட்டதும் நினைவிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல வெயிலில் 100 வேக ஃபிலிமுக்கு (வெளிச்சத்தை ஃபிலிம் உணரும் திறனைத்தான் வேகம் என்பார்கள்), திறப்பு 16-ல் 1/100 விநாடி என்பது புகைப்படக்காரர்களின் பழைய விதி. அதையே திறப்பு 8-க்கு மாற்றினால் 1/400. கேமராவால் கொடுக்க முடிந்த ஒரே வேகம் 1/500. அந்தச் சிறிய குறையைக் கலர் நெகடிவ் தாங்கிக்கொள்ளும். "எட்டில் வை" என்று அப்பா சொல்வாரே, அந்த எட்டு இதுதான்.

திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மெர்க்குரி பேட்டரி வர்றது நின்னு போச்சு தாயி. டவுன்ஹால் ரோடு முழுக்கத் தேடிட்டேன். பேட்டரி இல்லாட்டியும் ஐந்நூறுல ஓடுதுன்னு சத்தத்த வச்சே தெரிஞ்சிக்கிட்டேன். அப்புறம் என்ன, மதுரையில வெயிலுக்கா பஞ்சம்?" என்றார்.

அப்போதே டேப்பை உரித்தது நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். "ஒட்டுன டேப்பு இல்லாம வந்துச்சு, பாத்தேன். நீ சின்னப்புள்ள, உனக்கு யாரு சொன்னா? நானும்தான் சொல்லல." பிறகு கேமராவைக் கேட்டு வாங்கி, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து, வளையத்தை அப்படியும் இப்படியும் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மஞ்சக்கட்டம் தெரியறதில்ல. என் கண்ணு போச்சுன்னு இருந்தேன். ஆபரேஷன் பண்ணுன பிறகும் அப்படியேதான் இருக்கு."

மூன்றாவது ஞாயிறு அந்த மஞ்சள் கட்டத்துக்கு. வ்யூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம் தெரியும். அதற்குள் ஒரே பொருள் இரண்டாகத் தெரிய, வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரியாகிவிட்டது என்று பொருள். எங்கள் கேமராவில் கட்டமே கண்ணுக்குத் தெரியவில்லை. பனிமூட்டத்தைப் பார்ப்பது போல இருந்தது. கோளாறு அப்பாவின் கண்ணில் இல்லை, உள்ளே கண்ணாடிகளில் படிந்த படலத்தில் இருந்தது.

மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்து, எடுத்த திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசைப்படி போட்டுக்கொண்டேன். மூடியைச் சட்டென்று தூக்கக் கூடாது; அடியில் மெல்லிய கம்பிகள் இணைந்திருக்கின்றன. உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடிதான் முக்கியமானது. அதன் மேல் தங்க நிறத்தில் மிக மெல்லிய பூச்சு இருக்கிறது. பாதி ஒளியை விட்டு, பாதியைத் திருப்புவது அந்தப் பூச்சுதான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரே ஒரு முறை, எடையே இல்லாமல் தடவ வேண்டும். படலம் முழுவதும் போகட்டும் என்று நான் இரண்டாம் முறையும் தடவினேன். ஓரத்தில் கடுகளவுக்குப் பூச்சு உரிந்து பஞ்சில் வந்துவிட்டது. நல்லவேளையாக அது கட்டத்தின் மூலையில்தான் விழுகிறது. மற்றவர்கள் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் மங்கல் மிஞ்சினாலும் கண்ணாடி மிஞ்சும்.

மூடியைப் போடாமலேயே மொட்டைமாடிக்குக் கொண்டு போனேன். எங்கள் மாடியிலிருந்து வைகைக்கு அந்தப் பக்கம் மீனாட்சி அம்மன் கோயிலின் வடக்குக் கோபுரம் தெரியும். மொட்டைக் கோபுரம் என்று சொல்வார்களே, அதுதான். தொலைவளவுக்கு அதைவிட நல்ல இலக்கு எனக்குக் கிடைக்காது. வளையத்தை எல்லையற்ற தூரத்தில் வைத்துப் பார்த்தால் கோபுரத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தது. பக்கவாட்டுத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, இரண்டு விளிம்பும் நெருங்கி வந்து ஒன்றாகின.

அடுத்துப் பக்கத்துத் தூரத்தைச் சோதிக்க அளவுகோலைத் தேடவில்லை. அப்பாவின் நூல் இருந்தது. சுவரில் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி, நூலின் கண்ணியை அதில் மாட்டி, விறைப்பாக இழுத்து நின்று, வ்யூஃபைண்டரில் இரண்டு உருவங்களும் ஒன்றாகும் வரை வளையத்தைத் திருப்பினேன். வளையத்தைக் குனிந்து பார்த்தால், குறிமுனைக்கு நேராக உலோகத்தில் ஊசியால் கீறிய ஒரு மெல்லிய கோடு. மில் ஃபிட்டரின் கை கீறிய கோடு அது. கட்டம் மங்கியபின் தூரத்தைக் கண்ணால் பார்க்க முடியாததால், ஒரு தூரத்தை நூலாகவும் கோடாகவும் நிரந்தரமாக வைத்துக்கொண்டுவிட்டார்.

ஏன் பன்னிரண்டு அடி என்பதற்கும் விடை கணக்கில் இருக்கிறது. 45 மில்லிமீட்டர் லென்ஸில் திறப்பு 8, தூரம் 12 அடி என்றால், ஏறக்குறைய எட்டரை அடியிலிருந்து இருபத்தோரு அடி வரை எல்லாம் தெளிவாக விழும். முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்தாலும் பின்வரிசையில் மாமாக்கள் நின்றாலும் எவர் முகமும் மங்காது. அந்தத் தூரத்தில் ஃபிலிமில் அடங்கும் அகலம் ஒன்பதரை அடிக்குச் சற்றே அதிகம், உயரம் ஏறக்குறைய 6.4 அடி. வளர்ந்தவர் ஒருவர் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு நிற்கச் சரியான அளவு. ஆல்பத்தில் மேக்ஸி பிரிண்டுகளின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். ஐந்தே கால் அடி உயரமுள்ள அம்மா, 1989-க்குப் பிறகு எல்லாப் படங்களிலும் மூன்றே கால் அங்குலம் இருக்கிறார். நான்தான் பக்கத்துக்குப் பக்கம் வளர்கிறேன். அதற்கு முந்தைய படங்களில் அம்மாவை மட்டும் மிக அருகில் வைத்து எடுத்த படங்கள் ஆறு இருக்கின்றன, மூக்குத்தியின் கல் வரை தெரிகிறது. 1989-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூட இல்லை. கட்டம் மங்கிய ஆண்டு எது என்பதை நான் அப்பாவிடம் கேட்கத் தேவைப்படவில்லை.

லென்ஸ் ஃபிலிமின் மேல் உண்மையிலேயே தெளிவாக விழுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டி, 'பி' நிலையில் கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தலைகீழாகக் கோபுரம் விழுந்தது, தெளிவாகவே இருந்தது.

சோதனைக்கு இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் என்ற 400 வேகக் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றை வரவழைத்தேன். நான் விசாரித்த ஸ்டூடியோக்களில் ஃபிலிம் கழுவுவதை விட்டுவிட்டார்கள். கறுப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே கழுவிவிடலாம். உதகையில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிமைத்தான் ஆரம்பத்தில் போட்டதாக அப்பா சொன்னார். அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில் செய்த ஃபிலிமைச் செல்லூரில் போட்டுப் படம் எடுக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது என்பதே இன்றைக்கு நம்ப முடியாததாக இருக்கிறது.

வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பமும் வந்திருந்தது. ரோலை அப்பாதான் மாட்டினார். ஃபிலிமின் நாக்கைச் சுருள்தண்டின் வெட்டில் செருகி, பல்சக்கரத்தில் துளை உட்கார்ந்ததைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கதவை மூடி, ரீவைண்டு பிடி திரும்புகிறதா என்று கவனித்தார்; அது திரும்பினால்தான் ஃபிலிம் உண்மையில் நகர்கிறது. மாடியில் எட்டில் வைத்து அழுத்தப் போனபோது சிவப்பு விளக்கு எரிந்தது. "நானூறா?" என்று கேட்டுவிட்டு அவரே பதினாறுக்கு மாற்றினார். பன்னிரண்டு அடியில் நான்கு படங்கள், நூல் இல்லாமல். பிறகு எல்லோரும் கீழே இறங்கி வந்தோம். முற்றத்தின் ஓரத்தில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மூன்று அடிக்கும் சற்று அதிகமான தூரத்தில் உட்கார்ந்து, திறப்பை 1.7-க்குக் கொண்டுவந்து, வளையத்தை மிக மெதுவாகத் திருப்பினார். "சேர்ந்துருச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார். "என்னங்க, தலைகூட வாரல" என்று அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வதற்குள் இரண்டு படம் ஆகிவிட்டது.

கழுவும் வேலையில் மதுரையின் வெயில்தான் பெரிய தடை. ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பர் கரைசலில் இந்த ஃபிலிமுக்கு 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். எங்கள் மேல்தொட்டித் தண்ணீரோ 33 டிகிரி. தூளை முந்தின நாளே கரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். கழுவும் தண்ணீரையும் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த கரைசலிலிருந்து எடுத்துச் சுடுதண்ணீர் போன்ற குழாய்த் தண்ணீரில் விட்டால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும். இரண்டு அண்டாக்களில் தண்ணீர் பிடித்து, உறையவைத்த பாட்டில்களை மிதக்கவிட்டுக் கலக்கிக் கலக்கி 20-க்கு இறக்கினேன். இரவில் சன்னலில்லாத குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு ஃபிலிமைச் சுருளில் ஏற்ற ஒரு பழைய ரோலை வைத்துப் பத்து முறை பழகியிருந்தும், உண்மையான ரோலில் இரண்டு முறை சிக்கியது. நிமிடத்துக்குப் பத்து விநாடி தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு வெறும் தண்ணீர், பிறகு பத்து நிமிடம் படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ.

ஃபிலிமை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன். ஓரங்கள் கண்ணாடி போலத் துல்லியமாக இருந்தன. உல்லன் நூல் தன் வேலையைச் செய்திருந்தது. அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மாடிப் படங்கள் நான்கையும் தாண்டி, ஐந்தாவது படத்தில் விரல் வைத்து நிறுத்தினார். அம்மாவின் முகம் சட்டத்தின் நடுவே பெரிதாக விழுந்திருந்தது. நெகடிவ் என்பதால் நரைத்த தலை முழுவதும் கறுகறுவென்று இருந்தது. அதை ஈரத்தோடேயே அம்மாவிடம் காட்டப் போகிறேன் என்றார். காய்ந்த பிறகுதான் தொடலாம் என்று சொல்லிக் கொடியில் மாட்டி, அடியில் துணி கவ்வும் கிளிப் ஒன்றைக் கனத்துக்குப் போட்டேன்.

காலையில் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மீதமிருக்கும் வேலையும் தெரிந்தது. ஒரு மீட்டர் தூரத்தில், திறப்பு 1.7-ல் தெளிவாக விழும் ஆழம் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். அம்மாவின் தோடு கூர்மையாக இருக்கிறது, கண் அதைவிடச் சற்று மங்கலாக இருக்கிறது. கோபுரத்துக்குச் சரியாக இருக்கும் அமைப்பு பக்கத்தில் வரும்போது கொஞ்சம் பின்தங்குகிறது. மேல்மூடியை இன்னொரு முறை திறக்க வேண்டும். அதற்குள் ஒரு கலர் ரோல் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. 100 வேகமாகவே பார்த்து வாங்க வேண்டும் என்றார்.